பதினேழு கனவான்களும் ஒரு புறாவும்

ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்துகொண்டு ஏழு கடலுக்கு அப்பால் விளையும் சரக்குக்கு விலை வைத்த பெரிய மனிதர்களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஒரு வருஷம் கணக்கைப் புரட்டினார்களாம். ஜாதிபத்திரிக்கு நல்ல கிராக்கி, விலை உச்சத்தில். ஜாதிக்காயோ கிடங்கில் முடங்கிக் கிடக்கிறது, கேட்க நாதியில்லை. உடனே கீழைக் கடல் அதிகாரிக்கு உத்தரவு போட்டார்களாம்: ஜாதிக்காய் மரங்களை வெட்டிக் குறைத்து, அந்த இடத்தில் ஜாதிபத்திரி மரங்களை நடவும்.

கப்பலில் ஏழெட்டு மாதம் ஆடி அசைந்து வந்த அந்தக் கடிதத்தைப் பிரித்த அதிகாரியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஜாதிக்காய்ப் பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு கொட்டை. கொட்டையின் மேல் ரத்தச் சிவப்பில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் தோல்தான் பத்திரி. அதை உரித்துவிட்டு ஓட்டை உடைத்தால் ஜாதிக்காய். ஒரே மரம், ஒரே பழம். ‘பெண் வேண்டாம், சீர்வரிசையை மட்டும் அனுப்பி வையுங்கள்’ என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது போன்ற உத்தரவு அது.

கதை யாரோ கட்டிவிட்டதாகவே இருக்கட்டும். அதில் இருக்கிற மனப்போக்கு அசல். விலை என்பது மேலிடத்து உத்தரவு. மரம், மழை, வாங்குகிறவன், விற்கிறவன் எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவர்கள். 1602 மார்ச் 20 அன்று பிறந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இந்த நம்பிக்கையோடு வியாபாரம் செய்தது. அதன் நிர்வாகக் குழுவில் பதினேழு பேர். ‘பதினேழு கனவான்கள்’ என்பதே குழுவின் பெயர். பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாத சங்கடம் என்னவென்றால், ஒன்றிரண்டு சரக்குகளில் அவர்கள் நம்பிக்கை நூறு வருஷத்துக்கு மேல் பலித்தது.

மிளகில் பலிக்கவில்லை. அந்தக் கூத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் அடி வாங்கியவர்கள் ஒல்லாந்தரின் பங்காளிகளான ஆங்கிலேயர்கள்.

ஆங்கிலக் கும்பினி 1600 டிசம்பர் 31 அன்று ராணியின் சாசனம் பெற்றது. அடுத்த வருஷமே ஜேம்ஸ் லங்காஸ்டர் என்ற கப்பல் தலைவரை நான்கு கப்பல்களோடு அனுப்பினார்கள். மனிதர் சுமத்ராவையும் ஜாவாவையும் சுற்றி, 1603 செப்டம்பரில் பத்து லட்சம் ராத்தலுக்கு மேல் மிளகோடு லண்டன் திரும்பினார். தங்கச் சுரங்கத்தையே கட்டி இழுத்து வந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஊரில் கொள்ளைநோய். கடை கண்ணி அடைத்துக் கிடக்கிறது. காசு இருந்தவர்கள் கிராமத்துக்கு ஓடிவிட்டார்கள். போதாததற்கு, புது ராஜா முதலாம் ஜேம்ஸிடமும் மிளகு இருந்தது. போர்ச்சுக்கீசியக் கப்பலைக் கொள்ளையடித்துக் கிடைத்த மிளகு. ‘என் மிளகு விற்றுத் தீரும்வரை உங்கள் மூட்டையைப் பிரிக்கக் கூடாது’ என்றது அரண்மனை. ராஜாவோடு போட்டிக் கடை போட யாருக்குத் தைரியம் வரும்?

கடைசியில் பங்குதாரர்களுக்கு லாபத்தைக் காசாகக் கொடுக்க வழியில்லாமல் மிளகாகவே அளந்து கொடுத்தார்கள். ஈவுத்தொகை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்த கனவான், மூட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார். எத்தனை வருஷத்துக்கு ரசம் வைப்பது? அந்த ஊரில் ரசமும் கிடையாது. ஆளுக்கு ஆள் தன் மூட்டையைத் தானே விற்கக் கிளம்பியதில் விலை இன்னும் இறங்கியது. முழுக்க விற்றுத் தீர வருஷக்கணக்கானது.

மிளகின் சுபாவமே அப்படி. மலபாரில் விளைகிறது, சுமத்ராவில் விளைகிறது, ஜாவாவின் மேற்குக் கோடியில் விளைகிறது, போர்னியோவில் விளைகிறது. விலை ஏறினால் எவனாவது ஒருவன் ஒரு கொடியை இன்னொரு மரத்தில் ஏற்றிவிடுவான். மூன்று நான்கு வருஷத்தில் காய்த்துவிடும். வரத்து நாலா பக்கமும் திறந்து கிடக்கும் சரக்கில் எந்தக் கும்பினிக்கும் மீசை முறுக்க வாய்ப்பில்லை. ஒல்லாந்தரும் மிளகு வாங்கினார்கள், விற்றார்கள், கோட்டை கட்டி மிரட்டிப் பார்த்தார்கள். ஒரு துறைமுகத்தை மூடினால் இன்னொரு துறைமுகத்தில் மூட்டை ஏறியது. மிளகில் அவர்கள் வெறும் மண்டிக்காரர்கள்தான்.

ஜாதிக்காய் வேறு சாதி.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காய் மரம் வியாபாரத்துக்குக் காய்த்த இடம் ஒன்றே ஒன்றுதான். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, வரைபடத்தில் ஈ எச்சமிட்டது போலத் தெரியும் பண்டாத் தீவுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று எரிமலை. ஜாதிக்காய் அங்கிருந்து ஜாவா வியாபாரி, குஜராத்தி வியாபாரி, அரபி, வெனிஸ் நகரத்துத் தரகர் என்று கைமாறி ஐரோப்பிய அடுப்படிக்கு வருவதற்குள் விலை பல மடங்கு பெருகியிருக்கும். 1512இல் போர்ச்சுக்கீசியர் நேராகவே பண்டாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் தீவுக்காரர்களை முழுக்க வளைக்க அவர்களால் முடியவில்லை.

வாங்குகிறவன் பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஜாதிக்காய் வாங்குகிறவன் பணக்காரன். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒன்றிரண்டு காய் போதும், துருவித் துருவிப் போடுகிற சமாச்சாரம். விலை இரட்டிப்பானாலும் வீட்டுச் செலவில் அது தூசு. கொள்ளைநோய்க்குக் காப்பு என்று வைத்தியர்கள் வேறு சொல்லி வைத்திருந்தார்கள். உயிர் பயத்தில் இருப்பவனிடம் பேரம் எடுபடாது. அதற்குப் பதில் போட இன்னொரு பொருளும் கிடையாது. தனக்கென்று சொந்தமாகத் துருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விருந்துக்குப் போகிற அளவுக்கு அது அந்தஸ்தானது. விலை ஏறினால் இப்படிப்பட்டவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் வாங்குவார்கள்.

விற்கிற பக்கமும் அதே முரட்டுத்தனம். விலை ஏறிவிட்டது என்பதற்காக ஜாதிக்காய் மரம் அவசரப்படாது. கன்று நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்தால்தான் பூவே பூக்கும். பூத்த பிறகுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்பதே தெரியும். இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றியவனைப் பார்த்து ‘நான் ஆண், காய்க்க மாட்டேன்’ என்று நிற்கும். வாங்குகிறவனும் அசைய மாட்டான், விளைச்சலும் அசையாது என்றால், நடுவில் சாவியை வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை. பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் ‘நெகிழ்ச்சியற்ற தேவை, நெகிழ்ச்சியற்ற அளிப்பு’ என்று இரண்டு செங்குத்துக் கோடுகளாக வரைவது இதைத்தான்.

இந்தப் பாடப் புத்தகத்தின் பிறப்பு ரொம்பப் பின்னால். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் உடம்பு சரியில்லாமல் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் தங்கியிருந்தார். 1881இன் குளிர்காலம். வெயில் காய மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுவது வழக்கம். ஒரு நாள் முகமெல்லாம் பூரிப்பாகக் கீழே இறங்கி வந்தாராம். தேவையின் நெகிழ்ச்சியை அன்றுதான் கண்டுபிடித்திருந்தார். மனைவி மேரி இதை நினைவுகூர்ந்திருக்கிறார். பேராசிரியர் மாடியில் கண்டுபிடித்ததைக் கனவான்கள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கிடங்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். சூத்திரம் எழுதத் தெரியாததால் பீரங்கி வைத்து எழுதினார்கள்.

பண்டாத் தீவுக்காரர்களுக்கு ராஜா கிடையாது. ‘ஓராங் காயா’ என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து பழகியவர்கள். யார் அதிக விலை தருகிறார்களோ அவர்களுக்கு விற்பார்கள். ஒல்லாந்தர் 1602இலேயே ஒரு காகிதத்தை நீட்டி, ‘இனி எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்’ என்று சிலரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆள் மட்டும் வாங்குவான், அவன் சொல்வதுதான் விலை என்றால் யார்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அவர்களுக்கு வேண்டியது அரிசி, சவ்வரிசி, நல்ல துணி. அதை ஜாவாக்காரன் கொண்டுவந்தான், மலாய்க்காரன் கொண்டுவந்தான். ஆங்கிலேயன் கூடுதல் விலையும் கொடுத்தான்.

துணி என்று சொன்னேனே, அது நம் ஊர்த் துணி. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருப்பவனுக்கு ஐரோப்பாவின் கம்பளித் துணி எதற்கு? சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்குத்தான் அங்கே மதிப்பு. வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே துணி வாங்கி, துணியைக் கொண்டுபோய் அங்கே மசாலா வாங்குவது என்று கணக்குப் போட்டுத்தான் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் இறங்கினார்கள், கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரை மசாலாத் தீவுகளின் இடது கை என்று ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற கும்பினி அதிகாரி 1612இல் எழுதி வைத்தார். பழவேற்காட்டு நெசவாளியின் கூலியும் ஆம்ஸ்டர்டாம் சமையல்காரியின் கஞ்சத்தனமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

1609இல் பெரும் படையோடு வந்த ஒல்லாந்துத் தளபதி பீட்டர் வெர்ஹூவனைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பண்டாக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து தப்பிய இளைஞன் ஒருவனுக்கு அது மறக்கவே இல்லை. யான் பீட்டர்சோன் கூன் என்பது அவன் பெயர். கணக்குப்பிள்ளை உத்தியோகத்துக்குப் படித்தவன். போர் இல்லாமல் வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாமல் போர் இல்லை என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிய ஆசாமி. தலைமை ஆளுநராக உயர்ந்தபின் 1621இல் கப்பல்களும் ஜப்பானியக் கூலிப்படையும் சேர்த்துக்கொண்டு பண்டாவில் இறங்கினான். ஓராங் காயாக்கள் நாற்பத்து நான்கு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஊர்களை எரித்தார்கள். மலைக்கு ஓடியவர்கள் பட்டினியில் செத்தார்கள், பிடிபட்டவர்களை, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். படையெடுப்புக்கு முன்பு தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பிறகு மிஞ்சியது ஏறக்குறைய ஆயிரம்.

விளைவிக்க ஆள் வேண்டுமே! தோட்டங்களை அறுபத்தெட்டுத் துண்டாகப் போட்டு, ஒல்லாந்துக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுத்து, வேலைக்கு அடிமைகளை இறக்கினார்கள். அந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையில் பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டவர்களும் உண்டு. துணி போன அதே கரையிலிருந்து மனிதர்களும் போனார்கள். ஊரில் நெல் விலை ஏறினால் மனித விலை இறங்கும். கும்பினி அந்த நேரம் பார்த்து வாங்கியது.

இனி பூட்டுப் போடுகிற வேலை. விதை வெளியே போய் எங்காவது முளைத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜாதிக்காயையும் சுண்ணாம்பில் முக்கி எடுத்தே கப்பலேற்றினார்கள். கிராம்புக்கு இன்னும் கொடூரமான ஏற்பாடு. டெர்னாட்டே, டிடோரே போன்ற வடக்குத் தீவுகள் அதன் தாய்வீடு. அங்கே காவல் காப்பது சிரமம் என்பதால் அம்போன் பகுதியில் மட்டும் கிராம்பு இருக்கட்டும், மற்ற இடத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. 1652இல் டெர்னாட்டே சுல்தானோடு ஒப்பந்தம்: மரங்களை வெட்ட அனுமதி கொடுங்கள், வருஷா வருஷம் பணம் கொடுக்கிறோம். சுல்தானுக்குப் பணம், குடியானவனுக்குக் கோடாரி. ‘ஹோங்கி’ என்ற பெயரில் துடுப்புப் படகுகளின் படை தீவு தீவாகச் சுற்றித் திருட்டு மரங்களைத் தேடித் தேடி வெட்டியது. படகைத் துழாவ வேண்டியவர்கள் அம்போன் கிராமத்துக்காரர்களே. ஊர்க்காரன் மரத்தை ஊர்க்காரனை வைத்தே வெட்டுகிற நிர்வாகத் திறமையை என்னவென்று புகழ்வது!

எல்லாவற்றையும் யோசித்த கனவான்கள் புறாவை மட்டும் யோசிக்கவில்லை. பண்டாப் பக்கத்தில் பழம் தின்னும் பெரிய புறா ஒன்று உண்டு. ஜாதிக்காயை முழுசாக விழுங்கி, பத்திரியைச் செரித்துவிட்டு, கொட்டையைப் பக்கத்துத் தீவில் போய்ப் போட்டுவிடும். அது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதன் வயிற்றில் சுண்ணாம்பும் தடவ முடியாது.

பண்டாத் தீவுகளில் ஒன்று மட்டும் ஆங்கிலேயரிடம் சிக்கியிருந்தது. ரன் என்று பெயர். மூன்று கிலோமீட்டர் நீளம், குறுக்கே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நத்தானியேல் கோர்ட்ஹோப் என்பவர் 1616 கடைசியில் கைப்பிடி ஆட்களோடு அங்கே போய் இறங்கி, 1620இல் கொல்லப்படும் வரை விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அரை நூற்றாண்டு இழுபறி. 1667 பிரெடா உடன்படிக்கையில் தீர்த்தார்கள்: ரன் தீவின் மேலிருந்த உரிமையை ஆங்கிலேயர் விட்டுவிடுவது, 1664இல் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த மான்ஹாட்டனை அவர்களே வைத்துக்கொள்வது. இன்றைக்கு நியூயார்க் மனை விலையைச் சொல்லி ஒல்லாந்தரைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நான் சிரிக்க மாட்டேன். அன்றைய மான்ஹாட்டனின் பிரதான சரக்கு பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் போன்ற மயிர்த்தோல்கள். அந்தக் கண்டம் முழுக்க பீவர் திரிந்தது. ஜாதிக்காய் ஒரு கைப்பிடித் தீவில் மட்டும். 1667இல் மண்டி வைத்திருந்த எவனும் ரன்னைத்தான் எடுத்திருப்பான்.

பூட்டு பிடித்துக்கொண்டது. ஜாதிக்காயும் கிராம்பும் ஐரோப்பாவில் கும்பினி வைத்த விலையில் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றன. சிக்கல் வந்ததோ அமோக விளைச்சலால். மரம் நன்றாகக் காய்த்தால் ஊரே பொங்கல் வைக்கும். கனவான்களுக்கோ வயிற்றைக் கலக்கும்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. கிரெகரி கிங் என்ற ஆங்கிலேயர் கோதுமையை வைத்துப் போட்ட கணக்கு ஒன்றை சார்ல்ஸ் டேவனன்ட் 1699இல் அச்சில் கொண்டுவந்தார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்பது அதன் சாரம். நூறு மூட்டையை ஒரு ரூபாய் வீதம் விற்றால் நூறு ரூபாய். பத்து மூட்டை தொலைந்து, தொண்ணூறை ஒன்று முப்பதுக்கு விற்றால் நூற்றுப் பதினேழு. பொருள் குறைய, கல்லா நிறைகிறது! வாங்குகிறவன் விலைக்கு அசையாதவனாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். அப்படியானால் விளைச்சல் தானாகக் குறையவில்லை என்றால் நாமே குறைத்துவிட்டால் என்ன?

கொளுத்தினார்கள். 1735இல் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டரை லட்சம் ராத்தல் ஜாதிக்காயை எரித்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஐந்து லட்சம் கிலோவைத் தாண்டும். 1760இல் நடந்த இன்னொரு எரிப்பை வால்மோன் த போமார் என்ற பிரெஞ்சுக்காரர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வாசனை எண்ணெய் உருகி வேடிக்கை பார்த்தவர்களின் காலடியில் ஓடியதாம். நகரமே பிரியாணி மணத்தில் மிதந்திருக்கும். பொறுக்க மட்டும் கூடாது. 1776இல் ஆடம் ஸ்மித் தம் புகழ்பெற்ற நூலில் இந்த எரிக்கும் பழக்கத்தைப் பற்றி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் சுளித்ததில் நியாயம் உண்டு. ஆனால் கும்பினியின் கணக்கில் தப்பு இல்லை. மிளகு வியாபாரி தன் மூட்டையை எரித்தால் பக்கத்துக் கடைக்காரன் கொழுப்பான். ஜாதிக்காய்க்குப் பக்கத்துக் கடையே கிடையாது.

கனவான்கள் பார்க்கத் தவறியது காலண்டரை. நாளைக்கு அசையாத வாங்குகிறவன், முப்பது வருஷத்தில் அசைந்துவிடுவான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் மசாலாவைக் குறைத்து வெண்ணெய், பச்சிலை என்று திரும்பினார்கள். மற்ற நாட்டுப் பணக்காரர்கள் அவர்களைக் காப்பியடித்தார்கள். அந்தஸ்து காட்ட டீ வந்தது, காபி வந்தது, சர்க்கரை வந்தது. விருந்துக்குத் துருவியோடு போகிறவன் கிழவனாகிவிட்டான். விலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த கும்பினியின் கீழிருந்து கிராக்கி மெல்ல நகர்ந்து போயிற்று. கோட்டைச் செலவும் படகுப் படைச் செலவும் மட்டும் நகரவில்லை.

அதே காலண்டர் வரத்துப் பக்கமும் வேலை செய்தது. இங்கேதான் ஒற்றைக் கையோடு ஒரு கதாநாயகன் நுழைகிறான். லியோனில் 1719இல் பிறந்த பியேர் புவாவ்ர். பாதிரியாராகப் போக இருந்தவர். 1745இல் ஆங்கிலேயரோடு நடந்த கடற்சண்டையில் பீரங்கிக் குண்டு வலது கையைக் கொண்டுபோயிற்று. பிடிபட்டு ஒல்லாந்தரின் பட்டாவியாவில் விடப்பட்டார். கைதான் போயிற்று, கண் நன்றாகவே இருந்தது. மசாலா வியாபாரத்தின் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். முதல் முறை அவர் மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கன்றுகள் பட்டுப்போயின. பொறுப்பிலிருந்த தாவரவியல் அதிகாரியே வேண்டுமென்று சாகடித்தார் என்று குற்றம் சாட்டினார் புவாவ்ர். அலுவலகப் பொறாமைக்குக் கண்டம் கிடையாது. 1767இல் அந்தத் தீவுக்கே நிர்வாக அதிகாரியாகத் திரும்பி வந்து, 1770இலும் 1772இலும் ஆள் அனுப்பி ஜாதிக்காயையும் கிராம்பையும் கடத்தி வரச்செய்து, பம்ப்ளமூஸ் தோட்டத்தில் நட்டார். இந்த முறை பிழைத்தன.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று சரிந்தது. கிராம்பு மொரீஷியஸ் பக்கமிருந்து சான்சிபார் போயிற்று. சுல்தான் செய்யித் சயீத் ஒரு தென்னைக்கு மூன்று கிராம்பு மரம் நட வேண்டும் என்று கட்டளையிட, அங்கேயும் அடிமைகளின் உழைப்பில் தோப்புகள் பெருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிராம்பு விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஜாதிக்காய்க்கு ஆங்கிலேயர் வந்தார்கள். தளபதி பீட்டர் ரெய்னியர் மதராஸிலிருந்து கப்பல் படையோடு போய் 1796இல் அம்போனையும் பண்டாவையும் கிட்டத்தட்ட சண்டையே இல்லாமல் எடுத்துக்கொண்டார். ஆங்கிலக் கும்பினியின் தாவரவியலாளர்கள் கன்றுகளை ஆயிரக்கணக்கில் பினாங்குக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 1800இல் நம் குற்றாலத்திலும் ஆங்கிலக் கும்பினியின் மசாலாத் தோட்டம் வந்தது. அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் கவனிப்பதில்லை, இந்தியாவில் கிராம்பு வேரூன்றிய கதை அங்கேதான் தொடங்குகிறது. 1843இல் ஜாதிக்காய் கரீபியக் கடலின் கிரெனடா தீவுக்குப் போய், இன்று அந்த நாட்டின் தேசியக் கொடியில் காயாகவே தொங்குகிறது.

ஒல்லாந்துக் கும்பினி 1799 டிசம்பர் 31 அன்று கடனோடு மூடப்பட்டது. ஜாதிக்காய் மட்டும் அதைக் கவிழ்க்கவில்லை; ஆங்கிலேயரோடு போட்ட போரும் அதிகாரிகளின் திருட்டும் ஆளுக்கொரு கை கொடுத்தன. அரசாங்கம் பூட்டை மட்டும் கழற்ற மனமில்லாமல் வைத்திருந்து, 1864இல்தான் பண்டாவின் ஏகபோகத்தைக் கைவிட்டது. அப்போது அந்தப் பூட்டுக்குள் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

இத்தனை பட்ட ஊரிலாவது பாடம் நிலைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். இந்தோனேசியர்கள் கிராம்பைச் சிகரெட்டில் போட்டுப் புகைக்கிறார்கள். ‘கிரெத்தேக்’ என்று பெயர். அந்தப் பழக்கம் பெருகி, கிராம்பின் தாய்வீடே சான்சிபாரிலிருந்து கிராம்பு இறக்குமதி செய்யும் நிலை வந்தது. பிறகு நாடெங்கும் நட்டு, தன்னிறைவு கண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அதிபர் சுகார்த்தோவின் மகன் டாமி தலைமையில் ஒரு வாரியம் முளைத்தது. விவசாயிகளிடம் கிராம்பு வாங்குவதும் சிகரெட் கம்பெனிகளுக்கு விற்பதும் இனி நாங்கள் மட்டுமே, நல்ல விலை தருவோம் என்றார்கள். மத்திய வங்கிக் கடன் பின்னால் நின்றது. நல்ல விலை என்றதும் வரத்து குவிந்தது. கம்பெனிகளோ கையிருப்பை வைத்து ஓட்டிக்கொண்டு, வாரியத்தின் விலைக்கு வாங்காமல் இழுத்தடித்தன. கிடங்கு வழிந்தது. ஒன்றிரண்டு வருஷத்திலேயே விவசாயிகளுக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டது: மரங்களை வெட்டிக் குறையுங்கள்.

1998 ஜனவரியில் சர்வதேச நிதியம் கடன் கொடுக்க விதித்த நிபந்தனைகளில் அந்த வாரியத்தைக் கலைப்பதும் ஒன்று. கலைத்தார்கள். வாரியம் போட்ட விலையில் நொந்து ஏராளமான விவசாயிகள் அதற்குள் மரங்களை வெட்டியிருந்தார்கள், அல்லது கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் கிராம்பு விலை பல மடங்கு ஏறியது. விற்க அவர்களிடம் கிராம்பு இல்லை.